ஆடியில் ஊன்றிய அவரை

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கத்தரியும் வெண்டையும் கீரையும் ஏற்கெனவே இருக்கின்றன. இந்த ஆண்டு புதிதாகப் பந்தல் அவரை போட்டேன். விசுவாசத்தை அடுத்தவரோடு எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று சபையில் எத்தனையோ பாடங்கள் கேட்டிருக்கிறேன். இந்தக் கொடியைப் பார்த்துப் புரிந்துகொண்ட அளவுக்கு அவற்றில் எதுவும் என் மனத்தில் பதியவில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆனிக் கடைசியில் மண் கலந்தேன். செம்மண், தென்னை நார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு; பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. நார்க் கழிவுக் கட்டியை ஊறவைத்தால் தண்ணீர் கருஞ்சிவப்பாக இறங்கும். அதில் உப்பு இருப்பதால் அப்படியே போட்டால் இளவேர் கருகிவிடும். தண்ணீர் தெளியும்வரை ஊறவைத்து, பிழிந்து, கொட்டி, மறுபடியும் ஊறவைக்க வேண்டும்.

இந்த வேலை நடந்த நாட்களில்தான் எதிர்வீட்டு அக்கா மாடிச் சுவரோரம் நின்று பேசத் தொடங்கினார். பல ஆண்டுகளுக்கு முன்பு சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்க வந்த யாரோ அவர் வீட்டுப் பூஜை அறையைப் பார்த்து இளக்காரமாகப் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். "அவ்வளவு நேரம் பேசியவர்கள் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை, டீச்சர்" என்றார். நான் யாருக்காகவும் வாதாடவில்லை. அவர்கள் செய்தது தவறு என்று மட்டும் சொன்னேன். மனத்தில் தேங்கிய அந்த உப்பு வடியாமல் வசனத்தைக் கொட்டி என்ன பயன்? விதைக்கக் காட்டும் ஆர்வத்தில் பாதியைக்கூட நம்மில் பலர் இந்தக் கேட்கும் வேலையில் காட்டுவதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஆடிப்பட்டம் தேடி விதைத்தேன். ஆறிய வடிகஞ்சியில் ரைசோபியம் பொடியைக் குழைத்து, விதைமேல் பூசி, நிழலில் உலர்த்தி, பைக்கு மூன்றாக ஊன்றினேன். அவரை வேரில் முடிச்சுகள் உண்டாகி, காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குச் சேர்த்துக் கொடுப்பது இந்த நுண்ணுயிரியால்தான். முளைப்பில் குறையில்லை.

ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் இலைதான். கொடி பந்தலை மூடிவிட்டது. ஒரு மொட்டுகூட இல்லை. உரம் போடு, நுனியைக் கிள்ளு என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாட்டு அவரை பகல் குறுகி இரவு நீளும் காலத்தில்தான் பூக்கும். தழைச்சத்தைக் கூட்டினால் இன்னும் இலைதான் வரும். எல்லாப் பருவத்திலும் காய்க்கும் செடி அவரை ரகங்களைக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. அவசரம் உள்ளவர்கள் அவற்றைப் போடலாம். பந்தல் அவரைக்குத் தண்ணீர் ஊற்றுவதும், கொடியை ஏற்றிவிடுவதும்தான் நம் வேலை. பூக்கும் காலத்தை நாம் குறிக்க முடியாது.

அக்கா வீட்டோடும் அப்படித்தான் இருந்தது. இங்கிருந்து கத்தரிக்காய் போகும், அங்கிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் வரும். ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி, "இத்தனை மாதம் பழகுகிறீர்கள், இன்னுமா சுவிசேஷம் சொல்லவில்லை?" என்று கேட்டார். அவருடைய பாரம் எனக்குப் புரிகிறது. நான் எதையும் மறைக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் போவதும், காலையில் ஜெபிப்பதும் அக்காவுக்குத் தெரியும். ஆனால் கத்தரிக்காயைத் தூண்டிலாக்க மாட்டேன். அவர் கடைசிவரை எதுவும் கேட்காவிட்டாலும் காய் போய்க்கொண்டுதான் இருக்கும். நம் நம்பிக்கையைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருக்கச் சொல்கிறார் பேதுரு. ஆயத்தமாக இருப்பதே பெரிய வேலை. அதற்காக மாற்கு சுவிசேஷத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

கார்த்திகையில் மழை ஓய்ந்த இடைவெளியில் ஊதா நிறப் பூங்கொத்துகள் நிமிர்ந்தன. கூடவே அசுவினிப் பூச்சியும் வந்தது. பூக்காம்பைச் சுற்றிக் கறுப்பாக அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அது கசியும் இனிப்புக்காக எறும்பு வரிசை கட்டும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளித்தேன். கட்டுக்குள் வந்தது.

மார்கழியில் காய் பறிக்கத் தொடங்கினேன். அக்காவின் மகளுக்கு அறுவை சிகிச்சை என்று முடிவானது அப்போதுதான். "நீங்கள் ஜெபிப்பீர்களே, என் மகளுக்காகவும் ஜெபியுங்கள்" என்றவர், சற்றுப் பொறுத்து, "என்ன சொல்லி ஜெபிப்பீர்கள்?" என்று கேட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் வாடி, கையிலிருந்ததையெல்லாம் வைத்தியர்களுக்குச் செலவழித்துவிட்டு, கூட்டத்துக்குள் வந்து இயேசுவின் ஆடையைத் தொட்ட பெண்ணைப் பற்றிச் சொன்னேன். இயேசு அவளைக் கடிந்துகொள்ளாமல் "மகளே" என்று அழைத்ததையும் சொன்னேன். அக்கா அந்த இடத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

இதை நான் அறுவடைக் கணக்கில் எழுதவில்லை. "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதில் எனக்கு உள்ள பங்கு முதல் பாதியோடு முடிகிறது.

மகள் நலமாக வீடு திரும்பிவிட்டாள். விதைக்காக நாலைந்து நெற்றுகளைக் கொடியிலேயே முற்றவிட்டிருக்கிறேன், பாதி அக்காவுக்கு. அவர் மாடியில் வெயில் நன்றாக விழுகிறது, பந்தலுக்குக் கம்பு மட்டும் வாங்க வேண்டும். தைப் பட்டத்துக்குக் கத்தரி நாற்று இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே விட்டிருக்கிறேன்.