அப்பாவும் பன்னிரண்டு நாளும்

திங்கள் அதிகாலை மூன்றரை மணிக்கு அப்பாவுக்கு வாய் கோணிப் போச்சு. வலது கையைத் தூக்க முடியலை. 108-க்கு அடிச்சோம். பக்கவாதத்துல ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். நல்லவேளை, ஒரு மணி நேரத்துல போய்ச் சேர்ந்துட்டோம்.

ஆறு மணிக்கு வராண்டாவுல உட்கார்ந்து கடை மேனேஜருக்கு மெசேஜ் அடிச்சேன்: "சார், அப்பாவுக்கு பக்கவாதம், ஐ.சி.யூ.வில் இருக்கார். இன்னைக்கு வர முடியாது. நாளைக்கு எப்படின்னு சாயங்காலம் சொல்றேன். ஸ்டாக் ரூம் சாவி கேஷ் கவுன்ட்டர்ல இருக்கு." கை நடுங்கினதுல இதை அடிக்கவே பத்து நிமிஷம்.

"வேற யாரும் இல்லையா உங்க வீட்ல?" இதுதான் வந்த பதில். அந்த வலி இன்னும் போகலை.

கடையில வேலை பார்க்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக இதை எழுதுறேன். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 25. நமக்கு உடம்பு சரியில்லைன்னா வருஷத்துக்கு 12 நாள் வரைக்கும் சம்பளத்தோட லீவு. அது தவிர, நியாயமான எந்தக் காரணத்துக்கும் இன்னொரு 12 நாள் வரைக்கும் தற்செயல் விடுப்பு, அதுக்கும் சம்பளம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்துலயே இந்த ரெண்டும் உண்டு. அப்பா ஐ.சி.யூ.வில் கிடக்கிறதை விட நியாயமான காரணம் என்ன இருக்கு? போன்ல சொன்னாலும் அதையே எழுத்துலயும் அனுப்பி வைங்க. அந்த மெசேஜை அழிச்சிடாதீங்க.

இன்னைக்கு அப்பா வலது கட்டைவிரலை அசைச்சார். அம்மா அந்தக் கையை விடவே இல்லை.