சவுக்கு லோடும் அதன் ஈரமும்

காகித ஆலைக்கு மரம் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன் என்றால், தூரக் கணக்குப் பார்த்து லாரி அனுப்புவதுதான் வேலை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கடலூர், விழுப்புரம் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் அலைந்த எனக்குத் தூரம் அப்புறம்தான், முதலில் ஈரம்.

விவசாயிக்குப் பணம் எடைமேடையில் நிற்கும் டன்னுக்கு. பச்சைக் கட்டையின் எடையில் கணிசமான பங்கு தண்ணீர். வெட்டிப் போட்ட கட்டை வெயிலில் கிடந்தால் நாளுக்கு நாள் எடை இறங்கும். ஆலைக்கு வேண்டிய நார் அப்படியே இருக்க, நஷ்டம் மட்டும் அவர் தலையில் விழும். மூன்று நான்கு வருடம் தோப்பைக் காத்தவர், ஆலை வாசலில் நீளும் லாரி வரிசைக்காகக் காசை இழப்பது எனக்கு ஒப்பவே ஒப்பாது. அதனால் யார்டில், அதாவது ஆலையில் கட்டையை அடுக்கி வைக்கும் களத்தில், இடம் இருக்கிறதா, கட்டையைச் சில்லுகளாக வெட்டும் சிப்பர் இயந்திரம் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்களை வெட்டச் சொல்வேன்.

பாதை இன்னொரு தலைவலி. வரைபடத்தில் தோப்பு சாலையை ஒட்டியே தெரியும். நேரில் போனால் நடுவில் நெல் நிற்கும். "சம்பா அறுத்து முடியட்டும் தம்பி, அதுக்கு முன்னாடி பக்கத்து வயல்ல டிராக்டர் இறக்க முடியாது" என்பார் தோப்புக்காரர். அவர் சொல்கிற தேதிதான் எங்கள் அட்டவணை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் வண்டி வயலில் இறங்காது. அதற்கு முன்பே யார்டை நிரப்பியாக வேண்டும். நிரப்புவது சுலபம், பழையதை முதலில் எடுப்பதுதான் கஷ்டம். புது லோடை முன்னால் இறக்கிக்கொண்டே போனால் பின்னால் உள்ள அடுக்கில் பூஞ்சை ஏறிவிடும். அடுக்குகளுக்கு நடுவே வழி விட்டே ஆக வேண்டும். கோடையில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி நுழைவதும் அந்த வழியில்தான்.

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூர் கரையைக் கடந்தபோது தோப்பு தோப்பாகச் சாய்ந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் லாரி வேண்டும். யாருக்கு முதலில் என்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது: நடுவில் முறிந்த மரம் சீக்கிரம் காயும், வேரோடு சாய்ந்தது மண்ணில் பிடிப்பு இருக்கும்வரை ஈரம் தாங்கும். முறிந்த தோப்புக்குத்தான் முதல் வண்டி போக வேண்டும். இப்போதும் புயல் எச்சரிக்கை வந்தால், யார்டில் எத்தனை லோடுக்கு இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.