பேந்தர்ஸ் டிரேடை ஷீட்டில் போட்டுப் பார்த்தேன்

பேந்தர்ஸ் அணியின் ஊரான சார்லட்டில் நாலு பேர் கூடினால் 2023 மார்ச் டிரேட் தானாக வந்துவிடும். சிகாகோ பேர்ஸிடம் இருந்த முதல் பிக்கை வாங்க கரோலினா பேந்தர்ஸ் அள்ளிக் கொடுத்த கதை. "கொடுத்தது தப்பு" என்று ஒரு கட்சி, "வேற வழி இல்லை, எடுத்த ஆள்தான் தப்பு" என்று இன்னொரு கட்சி. சத்தமாகப் பேசுகிறவர் ஜெயிக்கிற வாதமாகவே அது ஓடிக்கொண்டிருந்தது. எண்ணாக வைத்துச் சண்டை போடலாமே என்று தோன்றியதால் ஒரு கூகுள் ஷீட் திறந்தேன். இதுவரை அதில் என்ன ஆனது என்பதுதான் இந்தக் குறிப்பு.

என்.எஃப்.எல். என்கிற அமெரிக்க ஃபுட்பால் லீக்கைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: 32 அணிகள். கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை ஏப்ரலில் ஏழு சுற்றாகத் தேர்ந்தெடுப்பார்கள், அதுதான் டிராஃப்ட். போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்பைத்தான் பிக் என்கிறார்கள். பிக்கை விற்கலாம், மாற்றலாம், அடுத்த வருஷத்துப் பிக்கையும் இப்போதே கொடுக்கலாம். சிக்கல் எல்லாம் அந்தக் கடைசி வசதியில்தான்.

முதலில் ஷீட்டில் ஏற்றியது டாலஸ் கவ்பாய்ஸின் பழைய விலைப்பட்டியல். 1990களின் தொடக்கத்தில் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனுக்காகத் தயாரானது, இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. முதல் பிக்குக்கு 3000 புள்ளி, இரண்டாவதற்கு 2600, 9-க்கு 1350, 16-க்கு 1000, 32-க்கு 590. கீழே போகப்போகச் சரசரவென்று இறங்கும். இப்போது இதைவிடப் புதிய பட்டியல்கள் உண்டு. ஆட்டக்காரர் சங்கத்தோடு லீக் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புது ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்து எல்லாம் மாறிவிட்டது. 2010-ல் முதல் பிக்காகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு உத்தரவாதமாக மட்டும் 5 கோடி டாலர். மறு வருஷம் கேம் நியூட்டனுக்கு நாலு வருஷத்துக்கும் சேர்த்து 2.2 கோடிதான். ஆனாலும் பழைய பட்டியலையே எடுத்தேன், ஏனென்றால் சண்டை போடுகிற எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பது அதைத்தான்.

அடுத்த வருஷத்துப் பிக்குக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வருஷம் தள்ளினால் ஒரு சுற்று இறக்கிப் போடு. அடுத்த வருஷ முதல் சுற்று என்றால், இந்த வருஷ இரண்டாம் சுற்றின் நடுப் பிக் மாதிரி. அதாவது 48-ஆவது இடம், 420 புள்ளி. இரண்டு வருஷம் தள்ளினால் மூன்றாம் சுற்று நடு, 190.

இதோடு பேந்தர்ஸ் டிரேடை உள்ளே போட்டேன். அவர்கள் கொடுத்தது 9-ஆவது பிக் (1350), 61-ஆவது பிக் (292), 2024 முதல் சுற்று (420), 2025 இரண்டாம் சுற்று (70), கூடவே டி.ஜே. மூர் என்கிற ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிக்கிறவர்). பிக்குகள் மட்டும் 2132. வாங்கியது 3000. மீதி 868-க்குத்தான் மூர். ஏறக்குறைய 19-ஆவது பிக்கின் விலை. அன்றைக்குக் கணக்குப் பார்த்தவர்கள் "சரியான விலைதான்" என்று சொன்னது இதை வைத்துத்தான். அந்த 61-ஆவது பிக்குக்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. அஞ்சு மாதம் முன்பு கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸுக்குக் கொடுத்து வாங்கிய பிக்குகளில் அதுவும் ஒன்று. ஆக மெக்காஃப்ரியின் ஒரு துண்டும் சிகாகோவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். பேந்தர்ஸ் எடுத்தது பிரைஸ் யங் என்கிற குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்). ஹூஸ்டன் இரண்டாவதாக எடுத்த சி.ஜே. ஸ்ட்ரவுட் அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருதை வாங்கினார். பேந்தர்ஸ் 2 வெற்றி, 15 தோல்வி. பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் 11 ஆட்டத்தோடு வீட்டுக்குப் போனார். கடைசி இடம் என்பதால் 2024-ன் முதல் பிக் இவர்களுடையதாக இருந்திருக்க வேண்டும். அது சிகாகோவிடம் இருந்தது, கேலப் வில்லியம்ஸ் ஆனது. 2025 இரண்டாம் சுற்றுப் பிக் 39-ஆவதாக விழுந்து லூதர் பர்டன் ஆனது. மூர் சிகாகோவில் முதல் சீசனிலேயே 1,364 கஜம். நடந்ததை வைத்துத் திரும்பப் போட்டால் 1350, 292, 3000, 510. கூட்டினால் 5152. மூர் தனி.

இந்த எண்ணைக் காட்டியதும் குழுவில் ஒருவர், மதுரைக்காரர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், கையை உயர்த்திவிட்டார்.

"தம்பி, நடந்ததுக்கு அப்புறம் கணக்குப் போட்டா எல்லாரும் புத்திசாலிதான். அன்னைக்கு என்ன தெரியுமோ அதை வச்சுப் போடு."

நியாயமான கேள்வி. அதனால் ஷீட்டின் இரண்டாவது தாளை இதற்காகவே ஒதுக்கினேன். முதலில் அந்த "ஒரு சுற்று இறக்கு" வழக்கத்தையே பிரித்துப் பார்த்தேன். 1000 புள்ளிப் பொருளை ஒரு வருஷம் தள்ளினால் 420-க்கு எடுத்துக்கொள்கிறார்கள். வட்டியாகச் சொன்னால் வருஷத்துக்கு 138 சதவீதம். நம்ம ஊர் கந்துவட்டிக்காரரே கூச்சப்படுவார். பொருளாதார நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் டிராஃப்ட் டிரேடுகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையிலும் இந்த வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டித்தான் வருகிறது. இந்த வட்டிக்குக் கடன் வாங்குவது யார் என்று பார்த்தால், பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருக்கிற அணிகள். மேலாளருக்கு அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்பதே தெரியாதபோது 2025 பிக்கைப் பற்றி அவருக்கு என்ன கவலை? பேந்தர்ஸ் மேலாளர் ஸ்காட் ஃபிட்டரரை 2024 ஜனவரியில் அனுப்பிவிட்டார்கள். பிக் போனது அணிக்கு.

இரண்டாவது கோளாறு இன்னும் பெரியது. வழக்கம் எல்லா அணியின் அடுத்த வருஷப் பிக்கையும் நடுப் பிக் என்றே எடுத்துக்கொள்கிறது. இதைச் சோதிக்கப் பழைய டிரேடுகள் சிலவற்றை ஏற்றினேன். 2012-ல் வாஷிங்டன், ராபர்ட் கிரிஃபினுக்காக இரண்டாவது பிக்கை வாங்கியது. கொடுத்தது 6, 39, அடுத்த இரண்டு வருஷ முதல் சுற்றுகள். வழக்கப்படி 1600, 510, 420, 190 சேர்ந்து 2720. வாங்கியது 2600. அச்சு அசலாகச் சரி! ஆனால் அந்த இரண்டு பிக்குகளும் கடைசியில் 22-ஆவதாகவும் 2-ஆவதாகவும் விழுந்தன. உண்மை விலை 5490. கிரிஃபின் முழங்காலும் போய், 2013-ல் அணி 3-13 என்று சரிந்தது.

எதிர்ப்பக்கம் 49அர்ஸ். 2021-ல் டிரே லான்ஸுக்காக இரண்டு எதிர்கால முதல் சுற்றுகளைக் கொடுத்தார்கள். லான்ஸ் அங்கே தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது நாலே ஆட்டம். இருந்தும் கொடுத்த இரண்டு பிக்குமே 29-ஆவது இடத்தில்தான் விழுந்தன, ஏனென்றால் மீதி அணி பலமாக இருந்தது. அப்புறம் 2022-ன் கடைசிப் பிக்கான 262-ஆவது ஆள், பிராக் பர்டி, வந்து குவார்ட்டர்பேக் பிரச்சினையையே தீர்த்துவிட்டார். ஹூஸ்டனும் வில் ஆண்டர்சனுக்காக அடுத்த வருஷ முதல் சுற்றைக் கொடுத்தது, அது 27-ல் விழுந்தது. ஆக எதிர்காலப் பிக்கை விற்கிற அணி எதை விற்கிறது என்றால், தன் அடுத்த சீசன் எப்படி இருக்கும் என்கிற கணிப்பை. பட்டியலில் அதற்குக் கட்டமே கிடையாது.

அதனால் நான் கட்டம் போட்டேன். எதிர்கால முதல் சுற்றுக்கு மூன்று வரிசை: மோசமான சீசன் என்றால் 4-ஆவது பிக் (1800), சுமார் என்றால் 14 (1100), நன்றாகப் போனால் 25 (720). யார் வாதாடுகிறாரோ அவரே மூன்றுக்கும் சதவீதம் சொல்ல வேண்டும். வட்டி வருஷத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தேன். இது என் இஷ்டம், மாற்றிப் பார்க்கலாம்.

மதுரைக்காரர் 2023 மார்ச் மனநிலையில் இருந்து நம்பிக்கையாகவே சொன்னார்: மோசம் 20, சுமார் 50, நல்லது 30. அப்படிப் போட்டால் 2024 முதல் சுற்றின் விலை 1126, வட்டி கழித்தால் 1024. 2025 இரண்டாம் சுற்றை நடுப் பிக்காகவே எடுத்து இரண்டு வருஷ வட்டி கழித்தால் 347. முதல் இரண்டு பிக்குகளோடு சேர்த்தால் 3013.

மூர் இல்லாமலே கணக்கு நேராகிவிட்டது. அணி நன்றாகப் போகும் என்று நம்புகிறவரின் எண்ணை வைத்தே பார்த்தாலும், மூரைச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவுக்கும் புதுக் குவார்ட்டர்பேக்குக்கு முதல் வேலையே பந்தை எறிய நம்பிக்கையான ஒரு ரிசீவர் வேண்டும் என்பது.

அவர் விடவில்லை. "கியூபி (குவார்ட்டர்பேக்) இல்லாம பிரிட்ஜ்வாட்டர், டார்னால்ட், மேஃபீல்டுன்னு வருஷத்துக்கு ஒருத்தரா ஓட்டினோமே, அந்த வலிக்கு உன் ஷீட்ல எத்தனை புள்ளி?" உண்மைதான், குவார்ட்டர்பேக்குக்கு ஆகும் கூடுதல் விலை இந்தப் பட்டியலில் கிடையாது. (அந்த மூவரில் இருவர், மேஃபீல்ட் டாம்பாவிலும் டார்னால்ட் மின்னசோட்டாவிலும், கரோலினாவை விட்டுப் போன பிறகு பிரமாதமாக ஆடினார்கள். இதை அவரிடம் சொல்லும் தைரியம் யாருக்கும் வரவில்லை.) கூடுதலாக எத்தனை வேண்டும் என்று அவரையே கேட்டேன், 800 என்றார். ஏறக்குறைய மூரின் விலை. மனுஷன் தெரிந்துதான் சொல்கிறார்.

சிகாகோ பக்கம் இருக்கிற என் மச்சானுக்கும் ஷீட்டை அனுப்பினேன். பேர்ஸ் ரசிகன். பதிலுக்கு ஒரே வரி: "மாமா, அடுத்த டிரேட் எப்போ?"

2024-ஐயும் போட்டுப் பார்த்தோம். முதல் சுற்றில் கைவசம் எதுவுமில்லாத அணி, 33-லிருந்து 32-க்கு ஓர் இடம் ஏறி சேவியர் லெகெட்டை எடுத்தது. பட்டியலில் 10 புள்ளி வித்தியாசம். முதல் சுற்று ஆளுக்கு மட்டும் ஐந்தாம் வருஷ ஒப்பந்த உரிமை உண்டு என்பதால் அதில் பெரிய சண்டை வரவில்லை. எனக்குப் பிடித்தது அதற்கு மறுநாள் நடந்தது. 39-ஆவது பிக்கை ராம்ஸ் அணிக்குக் கொடுத்து 52, 155, 2025 இரண்டாம் சுற்று வாங்கினார்கள். முதல் தடவையாக எங்கள் அணி கடன் கொடுக்கிற பக்கம் உட்கார்ந்தது. வழக்கப்படி அந்த 2025 பிக்குக்கு 190 புள்ளி, விழுந்தது 57-ல், அதாவது 330. ராம்ஸ் நன்றாக ஆடிய வருஷம் அது, அப்படியும் லாபம். ஆனால் கிடைத்த 52-ஐயும் 155-ஐயும் உடனே கொடுத்து 46-க்கு ஏறி, முழங்கால் அறுவை முடிந்து தேறிக்கொண்டிருந்த ஜொனதன் புரூக்ஸை எடுத்தார்கள். டிசம்பரில் அதே முழங்கால் திரும்பப் போனது.

இப்போது ஷீட்டில் குறை ஆட்டக்காரர் விலைதான். மூருக்கு 868 என்பது மீதியிலிருந்து வந்த எண், அவருடைய சம்பளமோ வயதோ ஒப்பந்தத்தில் எத்தனை வருஷம் பாக்கி என்பதோ அதில் இல்லை. அதற்கு மூன்றாவது தாள் தொடங்கியிருக்கிறேன். சோதனைக்கு முதல் பெயர் பேந்தர்ஸில் ஆடிய பிரையன் பர்ன்ஸ். ராம்ஸ் இரண்டு முதல் சுற்றுகள் தர முன்வந்ததாக 2022-ல் செய்தி வந்தபோது கொடுக்காமல், 2024-ல் ஜயன்ட்ஸுக்கு ஓர் இரண்டாம் சுற்றுக்கும் சில்லறைக்கும் கொடுத்தார்கள். மதுரைக்காரர் இப்போதே வாதத்தைத் தயார் செய்துவிட்டார். ஆனால் தன் அணிக்கு "மோசம்" கட்டத்தில் 20-க்கு மேல் போட மட்டும் மறுக்கிறார். போட்டால் சீசன் டிக்கெட் எதற்கு வாங்கினாய் என்று வீட்டில் கேட்பார்களாம்.