டாங்கியில் நான்கு பேர்

1971 இந்திய-பாகிஸ்தான் போர் வெற்றியைக் கொண்டாடும் விஜய் திவஸ் அன்று பரேடு முடிந்ததும் பையன்களை மர நிழலில் உட்காரவைத்து அருண் கேத்ரபால் கதையைச் சொல்வது என் வழக்கம். என்.சி.சி. பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்கள் பலரும் சொல்கிற கதைதான். 1971 ஜூனில் பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படைப்பிரிவில் செகண்ட் லெப்டினன்டாகச் சேர்ந்தவர், அதே வருடம் டிசம்பர் 16 அன்று ஷகர்கர் பகுதியில், பசந்தர் போரில் இறந்தார். வயது 21. டாங்கி தீப்பிடித்து எரிகிறது, விட்டுவிட்டு வந்துவிடு என்று மேலதிகாரி ரேடியோவில் சொல்கிறார், "முடியாது சார், என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது" என்று பதில் வருகிறது. அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். கைதட்டல் வரும்.

ஒரு வருடம் கைதட்டலை முந்திக்கொண்டு ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். "சார், டேங்குல அவர் மட்டுமா இருந்தாரு?"

இல்லைடா, நான்கு பேர் என்றேன். ஓட்டுபவர், சுடுபவர், குண்டு நிரப்பி ரேடியோவையும் பார்த்துக்கொள்பவர், அப்புறம் கமாண்டர்.

"அவங்களும் வரமாட்டோம்னு சொன்னாங்களா சார்?"

"டேங்குக்கு ஒரு கமாண்டர்தான்டா. அங்க உக்காந்து ஓட்டெடுப்பா நடத்த முடியும்?"

எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு வேறு பதில் கிடையாது. பின்னால் கண்ணிவெடி நிலத்தைத் தாண்டி வந்த காலாட்படை இருக்கிறது, முன்னால் பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் டாங்கிப் படை எதிர்த்தாக்குதலுக்கு வந்துகொண்டிருக்கிறது, இருக்கிற டாங்கிகளும் பின்வாங்கினால் நடுவில் யாருமில்லை. முடிவெடுக்கச் சில நொடிகள். அதில் மற்ற மூன்று பேரிடம் யார் போய் யோசனை கேட்பார்கள்?

ஆனால் அந்த மூன்று பேரின் பெயரும் எனக்கு அப்போதே தெரியும். ஓட்டியவர் பிரயாக் சிங், சுட்டவர் நாத்து சிங், ரேடியோ நந்த் சிங். நந்த் சிங்கும் அந்த டாங்கியிலேயே இறந்தார், மற்ற இருவரும் பிழைத்தார்கள். பையன் இதைத்தான் கேட்டான், நான் ஒரு ஜோக்கில் தாண்டிப்போனேன். வெயில், பசி, பத்து நிமிடத்துக்கு மேல் தாங்க மாட்டார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொள்ளலாம், அதுவும் பொய்யில்லை. இன்னொன்றும் உண்டு. என்.சி.சி.யின் குறிக்கோளான 'ஒற்றுமையும் ஒழுக்கமும்' என்று தொண்டை கிழியக் கத்த வைத்துவிட்டு, கையோடு, உத்தரவை மறுத்த ஒருவரைப் புகழ்கிறேன். இதை இதுவரை எந்தப் பையனும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

2001-ல் நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. அருணின் அப்பா, ஓய்வுபெற்ற பிரிகேடியர் எம்.எல். கேத்ரபால், 81 வயதில் தன் பூர்வீக ஊரான சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போகிறார். அவரை வீட்டில் வைத்து உபசரித்தவர் பாகிஸ்தான் ராணுவத்தின் பிரிகேடியர் நாசர். கிளம்புவதற்கு முந்தைய இரவு, உங்கள் மகனைக் கொன்றது நான்தான் என்று அவரே சொல்கிறார். முன்பெல்லாம் இதை நினைத்தாலே கண் கலங்கும். இப்போதும் கலங்குகிறது, கூடவே ஓர் எரிச்சலும் வருகிறது: இரண்டு பிரிகேடியர்கள் உட்கார்ந்து பேசி ஆறிக்கொண்டார்கள், சரி, நான் சொல்லும் கதையில் நந்த் சிங் வீட்டுக்கு ஒரு வரிகூட இல்லையே. இது அருண் மேல் கோபமில்லை. பேர் வாங்கவேண்டும் என்றா அந்தப் பையன் அங்கே நின்றான்?

எங்கள் பி.டி. சாரிடம் இதைச் சொன்னபோது, "டேங்குக்குள்ள எத்தனை பேர் உக்காரலாம்னு தெரிஞ்சுக்கக் கேட்டிருப்பான், நீங்கதான் சார் அதைத் தூக்கிச் சுமக்கிறீங்க" என்றார். இருக்கலாம். அந்தப் பையன் அதற்கப்புறம் அதைப்பற்றிப் பேசவே இல்லை. பிளஸ் டூ முடித்ததும் ஆர்மிதான் சார் என்று சொல்லிக்கொண்டிருந்தான், நானும் உயரத்தைக் கூட்டு, ஓடிப் பழகு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் நான்கு பெயரையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். கதை தொய்ந்துபோனது. ரேடியோ பதில் வரும் இடத்தில் பையன்கள், இதில் நந்த் சிங் யார் என்று முழித்தார்கள். கைதட்டலே சரியாக வரவில்லை, அது எனக்கு உறைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இப்போதெல்லாம் பழையபடி நிறுத்தி, தட்டி முடித்த பிறகு அந்தப் பெயரைச் சொல்கிறேன். அதற்குள் பின்வரிசைக்காரர்கள் எழுந்து பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு டிபன் வரிசைக்குப் போய்விடுகிறார்கள்.