பாதிவிலைப் புத்தகம்

பேத்தி ஆறாம் தரம், பேரன் இரண்டாம் தரம். மேசை முழுக்கப் புதுப் பாடநூல்கள். உறை போடுகிற வேலை வழக்கம்போல என் தலையில்.

"அம்மப்பா, உங்கட புத்தகத்துக்கு ஆர் உறை போட்டது?"

எனக்குப் புதுப் புத்தகமே கிடைத்ததில்லை. இலங்கை அரசாங்கம் இலவசப் பாடநூல் கொடுக்கத் தொடங்கியது 1980இல். நான் அதற்கு முன்பே படிப்பை விட்டு வயலில் இறங்கிவிட்டேன். முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்தில் அப்போது மேல்வகுப்புப் பெடியளிடம் பாதிவிலைக்கு வாங்குவதுதான். கணக்குகளின் விடை ஓரத்திலேயே எழுதியிருக்கும், அதுவும் பாதி பிழையாக. இலவசச் சீருடைத் துணி 1993இல் வந்தது, இவர்களின் தாயின் காலத்தில்.

பள்ளிக்கூடத்துக்குக் காட்டுப்பாதை. சூடு ஆறாத யானை லத்தியைக் கண்டால் வீட்டுக்குத் திரும்பலாம் என்பது எங்கள் சட்டம். காய்ந்த லத்தியைக் கண்டும் திரும்பியிருக்கிறோம், அதை விடுங்கள்.

பாலைப்பழக் காலத்தில் படிப்பு இன்னும் மோசம். பழத்தின் பால் உதட்டில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். வாத்தியார் ஏழாம் வாய்ப்பாடு கேட்பார், வாய் திறக்காது. தேங்காய் எண்ணெய் பூசினால் விடும்; ஆனால் எண்ணெய்ப் போத்தலோடு யார் வகுப்புக்குப் போவது?

ஜனவரியில் புது வகுப்புத் தொடங்கும்போது மாரி மழைக்கு விதைத்த காலபோக நெல்லும் கதிர் தள்ளி நிற்கும். தகரத்தைத் தட்டிக் கிளி கலைக்க எங்களைத்தான் விடுவார்கள்.

"வராததுக்கு வாத்தியார் ஏசமாட்டாரோ?" என்றான் பேரன்.

அவருக்கும் வயல் இருந்தது. அவருடைய மகனும் அங்கே தகரம் தட்டிக்கொண்டிருந்தான்.