தலைக்குள் நின்று பாடும் பாடகர்
கொழும்பு வெள்ளவத்தைக் கரையோர ரயில் எந்தப் பக்கம் போகிறதென்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். ஒலி ஒரு காதை மற்றக் காதைவிட ஏறத்தாழ 0.7 மில்லிசெக்கன் வரை முந்தி அடைவதையும், உயர் அதிர்வெண் ஒலிகளைத் தலை மறைத்துத் தணிப்பதையும் ஒப்பிட்டே மூளை இடம் வலம் அறிகிறது. இவ்விரு வழிகளையும் 1907இல் ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு விளக்கினார்.

முன்னா பின்னா, மேலா கீழா என்பதை உணர்த்துவது காதுமடலின் மடிப்புகள். காதுத் துவாரத்துள் செருகும் இயர்ஃபோன் அந்த மடலை முற்றாகத் தாண்டிவிடுவதாலும், இடப்பக்க ஸ்பீக்கரின் ஒலி வலக் காதுக்கும் எட்டும் என்றெண்ணிக் கலக்கப்பட்ட பாடல் இதில் அவ்வாறு எட்டாததாலும், பாடகர் நமக்கு முன்னால் நிற்காமல் தலைக்குள் நின்று பாடுகிறார். பின்புறம் திறந்த ஹெட்ஃபோன் சற்று விசாலம் தரும். ஆனால் வெளிச்சத்தமும் உள்ளே வருவதால், கொழும்பின் காலி வீதியில் (Galle Road) ஓடும் பஸ்ஸில் அது உதவாது.

எனக்கு மிகப் பிடித்தது, செயற்கைத் தலையின் இரு காதுகளிலும் மைக் பொருத்திச் செய்யும் பதிவு. கோயில் வீதியில் தவிலும் நாதஸ்வரமும் நம்மைச் சுற்றி வருவதை அவ்வாறு பதிந்தால் எத்தனை அருமையாக இருக்கும்! ஆயினும் அந்தச் செயற்கைத் தலையின் காதுமடல் நம்முடையதைப் போன்றதல்ல என்பதால், முன்னால் எழுந்த ஒலி சில வேளை பின்னால் கேட்கும். நம்மைச் சுற்றிய இடங்களிலிருந்து வருவதுபோல் கணினி உருவாக்கும் இடவொலியில், தலையைத் திருப்பினாலும் ஒலி தன் இடத்திலேயே நிற்கும்படி செய்யும் அசைவுணரிகள் இக்குழப்பத்தைப் பெரிதும் குறைக்கின்றன.