விழுந்த மரம்தானே என்று இறங்கினேன்

கார்த்திகைக் காற்றுக்கு எங்கள் பின்வளவு வேம்பு வேரோடு சாய்ந்து மூன்று கிழமையாக வேலிக்கு மேலே கிடந்தது. மரம் அரிகிறவர்கள் ஆள்கூலி, மெசின்கூலி, எண்ணெய்க்காசு என்று தனித்தனியாகக் கணக்குச் சொன்னார்கள். மச்சானிடம் செயின் சோ, மரம் அறுக்கிற சங்கிலி வாள் மெசின், இருக்கிறது. நிற்கிற மரத்தைத் தறிக்கத்தான் அனுபவம் வேண்டும், கிடக்கிற மரத்தில் கொப்பு வெட்டி, அடிமரத்தைக் குத்தி குத்தியாகத் துண்டு போட என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இடது முழங்கால் இன்னும் மடக்க நோகுது.

கடதாசி வேலையிலேயே ஒரு நாள் போனது. மெசினுக்குப் பதிவுத் துண்டு இருந்தது, 2019இல் எல்லோரும் பதிய வேண்டும் என்று வந்தபோது மச்சான் எடுத்தது. குத்தி ஏற்றிப் போகக் கடிதம் கேட்டுப் போன கந்தோரில்தான் சிக்கல். காணிப் பெர்மிட்டின் மூலப்பிரதி வேண்டுமாம். 2009 சண்டையில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட சனத்திடம் மூலப்பிரதி! "அப்ப நாளைக்கு வாங்கோ" என்று அந்த ஐயா தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். மரம் வேரோடு கிடக்கிற படம் போனில் இருந்தபடியால், அடுத்த மேசைத் தங்கச்சி பார்த்துவிட்டு, இருக்கிற பிரதியோடேயே விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டா. வெட்டத் தொடங்க முதல், வேர் தெரியிற மாதிரி நாலைந்து படம் எடுத்து வையுங்கள். வெட்டின பிறகு காட்ட ஒன்றும் மிஞ்சாது.

காலையில் மெசினை எடுக்க, பக்கத்து வளவு அண்ணை வேலியால் எட்டிப் பார்த்தார். இளமையில் காட்டுக்குள்ளே மரவேலை செய்தவர். "சாரத்தோடையும் பாட்டாவோடையுமோ தம்பி மெசின் பிடிக்கப் போறாய்?" காற்சட்டையும் சப்பாத்தும் போட்டு, மச்சானின் மோட்டார் சைக்கிள் கண்ணாடியையும் மாட்டினேன். காதுக்குப் பஞ்சுதான் கிடைத்தது, அது காணாது, இரவு முழுக்க இரைந்தது.

பிறகு அவர் செய்த முதல் வேலை, வேர் பிடுங்கின கிடங்குக்குள்ளே விளையாடிக்கொண்டிருந்த என் மகனையும் அவனுடைய கூட்டாளியையும் துரத்தியது. எனக்குக் கோபம் கூட வந்தது, பிள்ளைகள் நிழலில் இருந்தால் என்ன என்று. மத்தியானம் அடிப்பக்கத்தை அறுத்து முடித்ததும், மண்ணோடு நிமிர்ந்து நின்ற அந்த வேர்ச்சுவர் 'தொம்' என்று திரும்பிக் கிடங்குக்குள்ளேயே குந்தியது. அதை இப்போதும் நினைக்க விருப்பமில்லை.

பெற்றோல் கலவை, சங்கிலி இறுக்கம் எல்லாம் சிக்கலில்லை. இந்த மெசினுக்கு லீற்றருக்கு 20 மில்லி எண்ணெய். உங்களுடையதற்கு 40 ஆகவும் இருக்கலாம், புத்தகத்தைப் பாருங்கள். பெற்றோல் விடும்போதெல்லாம் சங்கிலி எண்ணெயும் விட வேண்டும். நான் ஒருமுறை மறந்தேன், சங்கிலி ஓடுகிற தகடு புகைந்தது.

முழங்காலுக்கு வருகிறேன். அடிமரத்திலிருந்து நுனிப்பக்கமாகக் கொப்புகளை வெட்டிக்கொண்டு போனேன். மரத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கொப்பு, அதுவரை சரி. அடியில் நிலத்தோடு அமுங்கி வில்லாக வளைந்து நின்ற ஒரு கொப்பில் வெளிவளைவில் நேரே வாளை வைத்தேன். பாதி அறுபட முதலே பிளந்து, சவுக்குப் போல விசிறி அடித்தது. வளைந்த கொப்பில் உள்வளைவு நசுங்கிக் கிடக்கும், வெளிவளைவு இழுபட்டு நிற்கும். உள்ளே கொஞ்சம் வெட்டி இறுக்கம் தளர்த்திவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். மரத்தைத் தாங்கி நிற்கிற கீழ்க்கொப்புகளைக் கடைசி வரை தொடக் கூடாது என்றும் அண்ணை சொன்னார். சொன்னது அடி விழுந்த பிறகு.

தகட்டு நுனியின் மேற்பாதி வேறு கொப்பில் முட்டினால் வாள் முகத்துக்கு எகிறும். அதுவும் ஒருமுறை நடந்தது. முன் பிரேக் விழுந்ததால் தப்பினேன். இடது பெருவிரலை முன்பிடிக்குக் கீழே சுற்றிப் பிடியுங்கள், வாளுக்கு நேரே பின்னால் நிற்காதீர்கள், தோளுக்கு மேலே தூக்காதீர்கள்.

குத்தி போடும்போது வாள் மரத்துக்குள்ளே இறுகிவிட்டது. இரண்டு அந்தமும் ஊன்றி நடு தொங்கின மரம், நான் மேலாலேயே அறுத்துக்கொண்டு போனேன். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு மிச்சத்தைக் கீழாலே எடுத்திருக்க வேண்டும். (கீழாலே அறுக்கையில் சங்கிலி மெசினை உங்கள் பக்கம் தள்ளும், கவனம்.) ஒரு அந்தம் அந்தரத்தில் நின்றால் முறை மறுதலை, முதலில் கீழாலே, பிறகு மேலாலே. இழுக்க வேண்டாம் என்று மெசினை நிற்பாட்டிவிட்டு, அண்ணை பாலைக் கட்டை ஒன்றை ஆப்பாகச் சீவி அடித்தார். இரும்பு ஆப்புப் பட்டால் சங்கிலி போச்சு.

சங்கிலி எப்படியும் போகத்தான் இருந்தது. நாலாவது குத்தியில் 'கிரீச்' என்று பொறி பறந்தது. பெருவிரல் அளவு செல் துண்டு, சண்டைக்காலத்து எறிகணை இரும்பு, பதினைந்து பதினாறு வருசமாகப் பட்டை மூடி வளர்ந்திருக்கிறது. எட்டுப் பல்லு மழுங்கிப் போச்சு. அரம் போட்டும் சீவல் வரவில்லை, மாத் தூள்தான் வந்தது.

மிச்சத்தை லான்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு மெசின் பெட்டியில்) ஏற்றி, மரம் அரிகிற மரக்காலைக்குக் கொண்டு போனேன். முதலாளி இறக்கவே விடவில்லை.

"எந்தப் பக்கத்து மரம்?"

"புதுக்குடியிருப்பு." கடைசிச் சண்டை நடந்த பக்கம்.

குத்தியின் வெட்டுமுகத்தில் நீலக்கறுப்பாக ஓடின கோட்டைத் தொட்டுக் காட்டினார். "இரும்பு கிடந்தா இப்பிடித்தான் கறுக்கும் தம்பி. என்ரை வாளுக்கு ஆர் காசு தாறது?" அந்தக் கோட்டை நான் வளவிலேயே கண்டேன், மரத்தின் நிறம் என்று நினைத்தேன். ஏற்ற முதல் ஒவ்வொரு முகத்தையும் வடிவாகப் பாருங்கள். ஒரு கூலியாவது மிஞ்சும்.

திரும்பி வந்து கையால் வெட்டிப் பிளந்து விறகுக்குக் கொடுத்தேன். போக வர லான்ட்மாஸ்டர் கூலி போக மிஞ்சின காசு புதுச் சங்கிலிக்குக் காணவில்லை. மச்சான் இன்னும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.